பேட்டரி உறையில் இருந்த எண்ணை நம்பினேன்

ஒற்றை 18650 பேட்டரி போடும் மெக்கானிக்கல் மோட், அதாவது ஒரு வகை மின் சிகரெட் (வேப்). அதன் மேல், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் 0.14 ஓம் கம்பிச் சுருள், அதாவது காயில். பேட்டரியின் மேலுறையில் கொள்ளளவு 3000 எம்.ஏ.எச், மின்னோட்டம் 40 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. பையில் போடும்போது பட்டனின் பூட்டு வளையத்தைத் திருகவில்லை. பைக்குள் ஏதோ ஒன்று பட்டனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் காயிலுக்குள் இருக்கும் பஞ்சு கருகும் வாடை வந்தது. அடுத்து தின்னர் போல, கொஞ்சம் இனிப்பாக ஒரு வாடை. என்னவென்று பார்க்கப் பையைத் திறந்து மோட்டைக் கையில் எடுத்தேன். அதுதான் பெரிய தவறு. சீறிக்கொண்டு வாயு வெளியேறியது, உள்ளங்கை வெந்துபோனது. குழாயில் வாயு போக்கிகளாகத் துளைகள் இருந்ததால் அது வெடிக்கவில்லை. மூன்று வாரம் கட்டுப் போட்ட கையோடு இருந்தேன். மோட், காயில் பொருத்திய மேல்பாகமான அடோமைசர், பை எல்லாம் குப்பைக்குப் போயின. அவமானத்தில் யாரிடமும் சொல்லவில்லை. குக்கர் விசில் கேட்டாலும் நெஞ்சு படபடக்கும் நிலை சில மாதம் நீடித்தது. என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ளவே அதன் பிறகு நிறைய நாள் படிக்க வேண்டியிருந்தது. அப்படித் தெரிந்துகொண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். இன்னொருவர் கையில் காயம் பட்ட பிறகு இதைத் தேட வேண்டியிருக்கக் கூடாது.

மெக்கானிக்கல் மோட் என்பது ஒரு உலோகக் குழாயும் ஒரு ஸ்விட்சும் மட்டுமே. உள்ளே சிப் கிடையாது, ஃப்யூஸ் கிடையாது. பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே நின்று தடுப்பதற்கு எதுவும் இல்லை. எத்தனை ஆம்பியர் பாயும் என்பதை ஓம் விதி மட்டுமே தீர்மானிக்கிறது: வோல்ட்டை மின்தடையால் வகுக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் அயான் பேட்டரி 4.2 வோல்ட். உறையில் போட்டிருக்கும் 3.6 அல்லது 3.7 என்பது சராசரிக் கணக்கு, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 4.2 வோல்ட்டில் 0.5 ஓம் காயில் 8.4 ஆம்பியர் இழுக்கும். 0.3 ஓம் என்றால் 14, 0.2 என்றால் 21, 0.15 என்றால் 28, 0.1 என்றால் 42 ஆம்பியர். அடியில் போகப் போக ஒவ்வொரு 0.05 ஓமுக்கும் மின்னோட்டம் எப்படித் தாவுகிறது என்று பாருங்கள். 0.5இல் இருந்து 0.45க்கு இறங்கினால் ஒரு ஆம்பியர் கூட ஏறாது. 0.15இல் இருந்து 0.1க்கு இறங்கினால் 14 ஆம்பியர் ஏறிவிடும். மீட்டரிலேயே 0.01, 0.02 ஓம் பிழை இருக்கலாம் என்பதால் இந்தப் பகுதியில் விளையாடவே கூடாது.

என்னுடைய 0.14 ஓம் காயிலுக்குக் கணக்கு 30 ஆம்பியர். உறையில் 40 என்று இருக்கிறது, பத்து ஆம்பியர் மிச்சம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். அந்தக் கணக்கில் தப்பில்லை. அந்த 40 தான் பொய்.

18650 என்பது அளவின் பெயர்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 21700 என்றால் 21க்கு 70. அந்த உலோக டப்பாவுக்குள் அடைக்கக்கூடிய பொருளுக்கு எல்லை உண்டு. மின்முனைப் படலத்தைத் தடிமனாகப் பூசினால் கொள்ளளவு கூடும், ஆனால் அயனிகள் கடக்க வேண்டிய தூரம் அதிகரித்து அதிக ஆம்பியர் கொடுக்க முடியாமல் போகும். மெல்லியதாகப் பூசினால் ஆம்பியர் கூடும், கொள்ளளவு குறையும். அதனால்தான் பெரிய நிறுவனங்களின் அட்டவணையில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. பானாசோனிக் என்சிஆர்18650பி சுமார் 3400 எம்.ஏ.எச் வைத்திருக்கும், ஆனால் 5 ஆம்பியர் அளவுக்குத்தான் அதன் வரம்பு. சாம்சங் 35இ 3500 எம்.ஏ.எச், 8 ஆம்பியர். சாம்சங் 30க்யூ 3000 எம்.ஏ.எச், 15 ஆம்பியர். சாம்சங் 25ஆர் 2500 எம்.ஏ.எச், 20 ஆம்பியர். சோனி விடிசி5ஏ 2600 எம்.ஏ.எச், 25 ஆம்பியர். எல்ஜி எச்பி6 வெறும் 1500 எம்.ஏ.எச், ஆனால் 30 ஆம்பியர். இந்த வரிசையை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொண்டால், 3000 எம்.ஏ.எச்சும் 40 ஆம்பியரும் ஒரே 18650 உறையில் இருப்பதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும். 18650 அளவில் 5000, 6000, 9900 எம்.ஏ.எச் என்று விற்பவற்றைத் தொடவே வேண்டாம்.

பொய் எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். செல்லை, அதாவது இந்த ஒற்றைப் பேட்டரியை, உண்மையில் தயாரிக்கும் நிறுவனங்கள் குறைவு. மற்ற பெயர்களில் பல, வேறு யாரோ செய்த செல்லை வாங்கித் தங்கள் உறையைச் சுற்றி விற்பவை. அதில் நேர்மையானவர்களும் உண்டு. தரத்தில் கழிக்கப்பட்டதையும், பழைய லேப்டாப் பேட்டரிக் கட்டிலிருந்து உரித்ததையும் புது உறையில் விற்பவர்களும் உண்டு. உறையில் அச்சிட்ட ஆம்பியர் பெரும்பாலும் ‘பல்ஸ்’ அளவாக இருக்கும், அதாவது சில நொடி மட்டும் தாங்கும் உச்சம். அந்தச் சில நொடி எத்தனை, நடுவில் ஓய்வு எவ்வளவு, எந்த வெப்பநிலை வரை என்பதற்கெல்லாம் பொது விதி எதுவும் கிடையாது, ஆளுக்கொரு அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது தொடர் மின்னோட்ட வரம்பு மட்டுமே. முழுச் சார்ஜிலிருந்து தீரும்வரை நிறுத்தாமல் இழுத்தாலும் செல் தாங்கும் அளவு அது. அதை உறையில் தேடாதீர்கள், செல்லைத் தயாரித்தவரின் தரவுத்தாளில் பாருங்கள். அங்கும் சில செல்களுக்கு, 80 டிகிரி சூடானதும் மின்னோட்டத்தை நிறுத்தும் வெப்பத் துண்டிப்போடு என்று ஒரு பெரிய எண்ணும், துண்டிப்பு இல்லாமல் ஒரு சிறிய எண்ணும் இருக்கும். சோனி விடிசி6க்கு 30 என்றும் 15 என்றும் இரண்டு எண் சொல்லப்படுவது இதனால்தான். மெக்கானிக்கல் மோட்டில் வெப்பத்தைப் பார்த்துத் துண்டிக்க யாரும் இல்லை, ஆகவே உங்களுக்கு 15 தான்.

‘நான் மூன்று நொடிதானே இழுக்கிறேன், பல்ஸ் கணக்குப் போதாதா’ என்று கேட்பவர்களுக்குப் பதில் என் பைக்குள் நடந்தது. விரலால் அழுத்தும்போது மூன்று நொடி. பட்டன் சிக்கிக்கொண்டால், அல்லது எதுவோ அழுத்திக்கொண்டே இருந்தால், அது தொடர் மின்னோட்டம். வரம்பை எப்போதும் அந்த மோசமான நேரத்துக்காகத்தான் வைக்க வேண்டும். 20 ஆம்பியர் செல்லுக்கு 0.21 ஓம் கடைசி எல்லை, நான் 0.28க்குக் கீழே போகமாட்டேன். 25 ஆம்பியர் செல்லுக்கு எல்லை 0.17, நிற்க வேண்டிய இடம் 0.22 அளவில். செல் பழசாக ஆக அதன் தாங்கும் திறனும் குறைகிறது என்பதால் இந்த இடைவெளி அவசியம்.

சூடு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சிறிய மின்தடை இருக்கிறது. நல்ல அதிக ஆம்பியர் செல் புதிதாக இருக்கும்போது சுமார் 20 மில்லி ஓம், அதாவது 0.02 ஓம். மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, இந்தத் தடையாலும் பெருக்கினால் செல்லுக்குள் எத்தனை வாட் வெப்பமாகிறது என்று கிடைக்கும். 10 ஆம்பியரில் 2 வாட். 20 ஆம்பியரில் 8 வாட். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. அதே பெயரில் என்னிடம் இருந்த இன்னொரு பேட்டரியைப் பின்னால் அளந்தபோது உள் மின்தடை 60 மில்லி ஓம் காட்டியது. அப்படியானால் 30 ஆம்பியர் பாய்ந்திருக்கவே முடியாது. காயிலின் 0.14 ஓமும் செல்லின் 0.06 ஓமும் சேர்ந்து 0.2, எனவே 21 ஆம்பியர். கேட்க நல்லதாகத் தோன்றும், ஆனால் அந்த 21 ஆம்பியரில் செல்லுக்குள்ளேயே 26 வாட் வெப்பம். 45 கிராம் செல்லில் அவ்வளவு வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கினால் நொடிக்கு அரை டிகிரி என்ற வேகத்தில் ஏறும். பைக்குள் ஓரிரண்டு நிமிடம் போதும்.

இதில் எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம், முன்னறிவிப்பு இருந்தது. நான்கைந்து இழுப்புக்குள் குழாய் வெதுவெதுப்பாகிவிடும், ஆவி மட்டும் எதிர்பார்த்த அளவு வராது. காயில் சரியில்லை என்று நினைத்து இன்னும் குறைந்த தடையில் காயில் சுற்றினேன். ஆவி மந்தமாகவும் குழாய் சூடாகவும் இருந்தால் செல்லால் முடியவில்லை என்று பொருள். அப்போது தடையைக் குறைப்பது ஆபத்தை நோக்கிப் போவது. செல்லைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சாதாரணப் பயன்பாட்டில் அது இளஞ்சூட்டைத் தாண்டக் கூடாது. 45, 50 டிகிரியைத் தொட்டு, கையில் வைத்திருக்கச் சிரமமாக இருந்தால் அந்தக் காயிலும் அந்தச் செல்லும் சேரக் கூடாதவை.

தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பது படிப்படியான சங்கிலி. 80, 90 டிகிரியை ஒட்டி எதிர்மின்முனை மேல் இருக்கும் பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது, அந்தச் சிதைவே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். சுமார் 130 டிகிரியில் இரண்டு முனைகளையும் பிரிக்கும் பாலிஎத்திலீன் தாள் உருகுகிறது. பிறகு உள்ளேயே ஷார்ட். 200ஐ ஒட்டி நேர்முனைப் பொருள் ஆக்சிஜனை விடத் தொடங்கினால் வெளிக்காற்று இல்லாமலே எரியும். ஸ்விட்சை விட்டாலும் நிற்காது. உள்ளே அழுத்தம் ஏறும்போது நேர்முனைத் தொப்பியின் கீழுள்ள துளைகள் வழியே வாயு வெளியேறும்படி செல்லைச் செய்திருக்கிறார்கள். ஆனால் மோட் குழாயில் போதிய துளை இல்லாவிட்டால் அந்த வாயுவுக்குப் போக்கிடம் இல்லை, குழாயே குண்டாகிவிடும். 2009 முதல் 2016 வரை அமெரிக்க ஊடகங்களில் வந்த மின் சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்கள் 195 என்றும், அவற்றில் 133 பேருக்குக் காயம் என்றும் அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் தொகுத்தது. மெக்கானிக்கல் மோட் வாங்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது துளைகள் எத்தனை, எவ்வளவு பெரியவை, எங்கே இருக்கின்றன என்பதைத்தான்.

சிப் வைத்த மோட்டில் கணக்கு தலைகீழ். இதைத் தெரியாமல் மெக்கானிக்கல் கணக்கை அங்கேயும் போடுபவர்கள் அதிகம். அங்கே நீங்கள் வாட்டை வைக்கிறீர்கள், சிப் அந்த வாட்டைக் கொடுக்க வேண்டிய மின்னோட்டத்தைப் பேட்டரியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. காயிலின் ஓம் பேட்டரியைப் பொறுத்தவரை பொருட்டே இல்லை. பேட்டரி இறங்க இறங்க வோல்ட் குறைவதால், அதே வாட்டுக்கு மின்னோட்டம் ஏறும். அதனால் இங்கே 4.2ஐ வைத்துக் கணக்குப் போட்டால் தப்பு, மோட் துண்டிக்கும் கடைசி வோல்ட்டை, சுமாராக 3.2ஐ, வைத்துப் போட வேண்டும். சிப்பிலேயே பத்து சதவீதம் வீணாகும் என்று வைத்துக்கொண்டு 0.9ஆலும் வகுக்க வேண்டும். ஒற்றை பேட்டரியில் 40 வாட் என்றால் கிட்டத்தட்ட 14 ஆம்பியர், 60 வாட் என்றால் 21, 80 வாட் என்றால் 28. ஆகவே 20 ஆம்பியர் செல்லோடு ஒற்றை பேட்டரி மோட்டில் 55 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், திரையில் 80 வரை ஏறினாலும். 15 ஆம்பியர் செல் என்றால் 40 வாட். இரண்டு பேட்டரி என்றால் இந்த வாட் அளவு இரட்டிக்கும், தொடராக (சீரிஸ்) இருந்தாலும் பக்கவாட்டில் (பேரலல்) இருந்தாலும்.

மெக்கானிக்கலில் இரண்டு பேட்டரி என்றால் அப்படி இல்லை. பக்கவாட்டு இணைப்பில் 0.2 ஓம் காயிலின் 21 ஆம்பியர் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் பத்தரை கொடுக்கும். தொடர் இணைப்பில் 8.4 வோல்ட், அதே 0.2 ஓமுக்கு 42 ஆம்பியர், இரண்டு செல்லும் தனித்தனியே அந்த 42ஐத் தாங்க வேண்டும். தொடர் மெக்கானிக்கல் மோட் யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டோ மூன்றோ போடும் எந்த மோட்டிலும் செல்கள் ஜோடியாகவே வாழ வேண்டும்: ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியது, சேர்ந்தே சார்ஜ், சேர்ந்தே பயன்பாடு. ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதிவிடுங்கள். ஒன்று பலவீனமானால் தொடர் இணைப்பில் அது முதலில் தீர்ந்து, மற்றது அதை 2.5 வோல்ட்டுக்குக் கீழே இழுத்துப் போகும். இன்னும் மிகவும் அடியில் இறங்கினால் செல்லுக்குள் செம்புத் தகடு கரையத் தொடங்கும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளே ஷார்ட் ஏற்படுத்தலாம். 2 வோல்ட் காட்டும் செல்லைச் சார்ஜரில் வைத்து உயிர்ப்பிக்க முயலாதீர்கள். மெக்கானிக்கலில் துண்டிக்க யாரும் இல்லை என்பதால் 3.4, 3.5 வோல்ட்டிலேயே எடுத்துவிடுவது நல்லது.

மேலுறை கிழிவதை அழகுப் பிரச்சினையாக நினைக்கிறார்கள். 18650 செல்லின் உலோக டப்பா முழுவதுமே எதிர்முனை. நேர்முனை என்பது மேலே நடுவில் இருக்கும் அந்தச் சிறு வட்டம் மட்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வெள்ளைக் காகித வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். மேல் விளிம்பில் நகக்கீறல் அளவு கிழிந்திருந்தாலும் அடோமைசரின் ஊசி அங்கே தொட்டால் நேரடி ஷார்ட், காயில் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. பேட்டரி நேராக அடோமைசரைத் தொடும் ஹைப்ரிட் மோட்டில் அந்த ஊசி (510 என்ற வகை இணைப்பின் ஊசி) மரையை விட ஒரு மில்லிமீட்டராவது நீண்டு நிற்க வேண்டும், அதுவும் அசையாமல். திரவம் நிரப்பும் டேங்க் வகை அடோமைசர்கள் பலவற்றில் ஊசி ஸ்பிரிங் வைத்து உள்ளே அமுங்கும், அவற்றை ஹைப்ரிடில் மாட்டவே கூடாது. புது உறையும் வளையமும் வாங்கி, ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் சுருக்கினால் இரண்டு நிமிட வேலை. டப்பாவே நசுங்கியிருந்தால் உறை மாற்றிப் பயனில்லை, அந்தச் செல்லை ஒதுக்கிவிட வேண்டும்.

உதிரி செல்லைச் சட்டைப் பையில் சாவி, சில்லறையோடு போடுவதும் இதே ஷார்ட்தான். தொடை வெந்தவர்கள் பலர் அப்படித்தான். செல்லுக்கென்று பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது, அதில் போடுங்கள். இந்தத் தனிச் செல்களை மக்கள் வாங்கவே வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021இல் எச்சரித்தது. தனியாக வேப்பில் போடுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல என்று செல் தயாரிப்பாளர்களும் சொல்கிறார்கள். அதற்குக் காரணம், இவை ஒரு காவல் சுற்றோடு கட்டாகப் பொருத்தப்படுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. அந்தக் காவலை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது.

சார்ஜ் பற்றிச் சுருக்கமாக: தனிச் சார்ஜர், 4.2 வோல்ட்டில் நிற்பது, 18650க்கு ஒரு ஆம்பியர் போதும், படுக்கை மேல் வைக்காமல் கல் தரையில், ஆள் விழித்திருக்கும்போது. மாதக்கணக்கில் வைப்பதானால் 3.7 வோல்ட் அளவில்.

மோட் கையிலேயே தானாகச் சூடேறினால் முதலில் கையை விட்டு அகற்றுங்கள், முகத்தருகே வேண்டாம், கழற்றிப் பார்க்க வேண்டாம். சீறலோ தின்னர் வாடையோ வந்தால் எறிந்துவிட்டு விலகுங்கள், அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு இருக்கலாம். எரியும் பொருள்கள் இல்லாத இடமாக இருந்தால் தொடாமல் அங்கேயே விட்டுவிட்டு, எட்டி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். தோலில் பட்டிருந்தால் துணியைக் கழற்றி, ஓடும் நீரில் காட்டி, மருத்துவரிடம் லித்தியம் அயான் பேட்டரி என்று தெளிவாகச் சொல்லுங்கள். தீப்புண்ணோடு ரசாயனப் புண்ணும் இருக்கலாம். நான் ‘சூடு பட்டது’ என்று மட்டும் சொன்னேன், இரண்டாம் நாள்தான் சரியான மருந்து கிடைத்தது.

அதே பெயரில் என்னிடம் மிஞ்சியிருந்த அந்த இன்னொரு செல்லின் உறையைக் கடைசியில் உரித்துப் பார்த்தேன். உள்ளே வேறொரு நிறத்தில் பழைய உறையின் துணுக்கும், அடிப்பக்கத்தில் தகடு பற்றவைத்துப் பிய்த்தெடுத்த இரண்டு புள்ளிகளும் இருந்தன. ஏதோ ஒரு பேட்டரிக் கட்டில் உழைத்து முடித்த செல் அது. இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன்.